ஒரு சேலத்திலிருந்து இன்னொரு சேலத்துக்கு: வாசகர் கேள்வி-பதில்

அரையாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போய்வந்ததைப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், எழுபத்திரண்டு வயது அத்தை, அதாவது மாமியார். என் தங்கை அங்கே குடியிருக்கிறாள், அவள் வீட்டில் பதினைந்து நாள். "பாஸ்டனைக் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான், தபாலிலும் வாட்ஸப்பிலும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாதி கேள்வி, பாதி திட்டு. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

டிசம்பரில் எங்கள் ஊருக்கு வந்தாலே பல் கிட்டிக்கும். குளிரைப் பார்க்கவா லட்சக்கணக்கில் செலவழித்து அமெரிக்கா போனீர்கள்? மே மாதம் போயிருந்தால் என்ன? (காபித் தோட்டக்காரர், ஏற்காடு)

கோபம் நியாயம்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தங்கைக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு கிடைத்தது, அதனால் போனோம். போய்ச் சேர்ந்து சில நாள் நடந்த பிறகுதான் பிடிபட்டது, அந்த ஊரின் பெரிய கதைகள் பலவும் குளிரில் நடந்தவை. பிரிட்டிஷ் அரசின் தேயிலை வரியை எதிர்த்து ஊர்க்காரர்கள் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டியது 1773 டிசம்பர் 16 ராத்திரி. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1770 மார்ச் 5, தெருவில் பனி கிடக்கிறது, சுங்க அலுவலக வாசலில் காவலுக்கு நின்ற ஒற்றை பிரிட்டிஷ் சிப்பாயோடு வாய்த்தகராறு, கூட்டம் கூடுகிறது, பனியை உருட்டி எறிகிறார்கள், அப்புறம் ஐஸ் கட்டி, சிப்பி ஓடு. அவனுக்கு உதவியாக வந்த சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடிய வக்கீல் ஜான் ஆடம்ஸ், பின்னால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். அந்த வழக்கை எடுத்ததற்கு ஊரில் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

அந்த இடத்தில் இப்போது தரையில் கல் பதித்த ஒரு வட்டம் இருக்கிறது, 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகைக்கு எதிரே. மே மாதம் போயிருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்போம். நாங்கள் போன அன்று, முன்பு விழுந்த பனி உருகி மறுபடி உறைந்து, நடைபாதை ஓரத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாகக் கிடந்தது. மகன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தான். அதுவரை பனி உருண்டை என்றால் கார்ட்டூனில் வருகிற விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருக்கிறான். "அம்மா, இது பட்டா மண்டை உடையும்" என்றான். ஒரு சிப்பாய் ஏன் பயந்துபோய்ச் சுட்டிருப்பான் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதற்காகத்தான் அந்த வரியை எழுதினேன்.

என்ன துணி கொண்டுபோக வேண்டும்? ஏற்காட்டில் வாங்கிய ஸ்வெட்டர் போதுமா? (இல்லத்தரசி, அஸ்தம்பட்டி)

போதாது. போதாது என்பதை அனுபவித்துச் சொல்கிறேன். அத்தைக்கு ஏற்காடு ஏரிக்கரைக் கடையில் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தோம், நல்ல தடிமன், இங்கே போட்டுப் பார்த்தபோது வியர்த்துக் கொட்டியது. நாங்கள் வந்த விமானத்தில் ஒரு பெட்டி மட்டும் வரவில்லை, ரெண்டு நாள் கழித்துத்தான் வந்தது. எந்தப் பெட்டி வராது? கம்பளித் துணியெல்லாம் வைத்த பெட்டிதான். ஆக அத்தை அந்த மெரூன் ஸ்வெட்டரோடு விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்தார், காற்று ஒரு தடவை அடித்தது, அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். "கண்ணு, நான் இங்கயே இருந்துக்கறேன், நீங்க ஊரச் சுத்திட்டு வாங்க." கார் வாசலுக்கு வந்த பிறகுதான் அசைந்தார்.

ஏற்காட்டில் நாம் கிடுகிடு என்று நடுங்குவது பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரியில். பாஸ்டனில் ஜனவரி பகல் இரண்டு, மூன்று டிகிரியில் இருந்தால் நல்ல நாள், ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அதற்கு மேல் கடல் காற்று. போனில் வெப்பநிலை பார்க்கும்போது "ஃபீல்ஸ் லைக்" என்று இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள், அதுதான் உண்மையான எண். அவர்கள் ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள், 32 என்றால் நம் பூஜ்யம்.

உடம்போடு ஒட்டிய தெர்மல் ஒன்று, அதன்மேல் கம்பளியோ ஃப்ளீஸோ, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இந்த மூன்றும் இருந்தால் போதும், நாலு ஸ்வெட்டரை அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை இழுத்து வைத்துக்கொண்டு பிறகு அதுவே நடுங்க வைக்கும் (திருப்பூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது). ஜாக்கெட்டையும் பூட்ஸையும் இங்கே வாங்காதீர்கள், அங்கே உறவினர் இருந்தால் இரவல் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம், எல்லார் வீட்டிலும் பரணில் ரெண்டு கிடக்கும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று: குளிரைவிட வறட்சி படுத்துகிறது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதால் காற்றில் ஈரமே இல்லை. மூன்றாம் நாள் மகனுக்கு மூக்கில் ரத்தம், உதடெல்லாம் வெடிப்பு, கதவுக் குமிழைத் தொட்டால் சுளீர் என்று ஷாக் அடிக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளைக் கல்லாகிவிட்டது. ஹீட்டர் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், படுக்கும் முன் மூக்கு ஓரத்தில் வாஸ்லின் தடவுங்கள்.

விசா வாங்க எவ்வளவு நாள் ஆகும்? ஏஜென்ட் மூலம் போகலாமா? (பலர்)

இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, நான் இன்று எழுதி அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். தூதரக இணையதளத்தைப் பாருங்கள். "நம்மாளு உள்ள இருக்காரு" என்று சொல்கிற ஏஜென்ட்டை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே நம்மாளு யாரும் இல்லை.

எனக்கு 68 வயது, முழங்கால் வலி. மகன் கூப்பிடுகிறான். பனியில் நடக்க முடியுமா? (ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அம்மாப்பேட்டை)

முடியும் சார், ஆனால் ஒவ்வொரு நாளையும் ரெண்டாக வெட்ட வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை நாலே காலுக்குச் சூரியன் இறங்கிவிடுகிறது. ஐந்து மணிக்கு நம் ஊர் எட்டு மணி மாதிரி இருட்டு. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை வெளியே, சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ளே, இப்படி வைத்துக்கொண்டால் அத்தையே சமாளித்தார். முதல் மூன்று நாள் இது தெரியாமல் மதியம் கிளம்பி, ஒரு இடம் பார்ப்பதற்குள் இருட்டி, குழந்தைகள் அழுது, நானும் வீட்டுக்காரரும் சண்டை போட்டு, வீடு திரும்பினோம்.

வெளியே பார்க்க வேண்டியதை அவர்களே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், நிஜமாகவே கோடு. சுதந்திரப் பாதை என்று பெயர், நடைபாதையில் சிவப்புச் செங்கல் பதித்தோ பெயிண்ட் அடித்தோ நாலு கிலோமீட்டர் போகிறது, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பதினாறு இடங்கள். 1634இலிருந்து இருக்கிற பாஸ்டன் காமன் பூங்காவில் ஆரம்பம். அங்கேயே ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரம் நிற்கும், அது கனடாவின் நோவா ஸ்கோஷியா அனுப்புவது. 1917இல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் வெடித்து ஊரே அழிந்தபோது பாஸ்டன்காரர்கள் ஓடிப்போய் உதவினார்கள், அதற்கு நன்றியாக இன்னும் வருஷா வருஷம் மரம் வருகிறது. அத்தைக்கு அந்த ஊரிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். "செஞ்சத மறக்காம மொய் வெக்கறாங்க பாரு" என்றார்.

நாலு கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்காதீர்கள். நாங்கள் மூன்று காலையாகப் பிரித்தோம். குளிர் தாங்கவில்லை என்றால் சுரங்க ரயிலில் இறங்கிவிடலாம், 1897இல் திறந்தது, அமெரிக்காவிலேயே முதல் சுரங்க ரயில். பழைய அரசு மாளிகையின் அடியிலேயே ஒரு நிலைய வாசல் இருக்கிறது, முன்னூறு வருடக் கட்டடத்துக்குள் நுழைந்து படியிறங்கினால் பிளாட்பாரம். பெரியவர் கூட வந்தால் பதினொரு வயது வரை பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. மதியத்துக்கு நகர நூலகம் போங்கள், இலவசம், பச்சை விளக்கு வைத்த நீளமான வாசிப்புக்கூடத்தில் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடியில் செய்த பூக்கள், செடிகள் இருக்கின்றன, ஜெர்மனியில் ஒரு அப்பாவும் மகனும் 1887 முதல் 1936 வரை செய்தவை. முந்திரிக் கிளையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி என்று நம்பாமல் அத்தை என்னிடம் ரெண்டு தடவை கேட்டார்.

பங்கர் ஹில் நினைவுத்தூணை மட்டும் விட்டுவிடுங்கள், 294 படி, லிஃப்ட் கிடையாது. நாமக்கல் கோட்டையை மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் என்றால் ஏறலாம்.

பயப்பட வேண்டியது பனிக்கு அல்ல சார், பனி மெத்து மெத்தென்று இருக்கும். ரோட்டில் கண்ணுக்கே தெரியாமல் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும் ஐஸ்தான் ஆளைச் சாய்க்கும். ஈரத்தரை போலத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் ரெண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்துபோய் மல்லாக்க விழுந்தார், நல்லவேளை இடுப்பு தப்பியது. கையை வெளியே வைத்து, குட்டி குட்டியாக அடி வைத்து, பாதத்தை முழுசாக ஊன்றி நடக்க வேண்டும். பார்க்க வாத்து நடை மாதிரி இருக்கும், அந்த ஊரில் எல்லாரும் வாத்துதான்.

பாஸ்டனில் கடலில் கொட்டிய தேயிலை இந்தியாவிலிருந்து போனதா? கிழக்கிந்தியக் கம்பெனி சரக்குதானே? (கல்லூரி மாணவர், ஆத்தூர்)

கம்பெனி சரக்குதான், ஆனால் அத்தனையும் சீனத் தேயிலை. 1773இல் இந்தியாவில் கம்பெனிக்குத் தேயிலைத் தோட்டமே கிடையாது, அஸ்ஸாம், நீலகிரி எல்லாம் அடுத்த நூற்றாண்டுக் கதை. மூன்று கப்பல், 342 பெட்டி, கோடரியால் உடைத்து உடைத்துக் கொட்டினார்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடிய மண்டபம், ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ், இன்றும் இருக்கிறது, உள்ளே போய்ப் பெஞ்சில் உட்காரலாம்.

நீங்கள் ஆத்தூர் என்பதால் ஒன்று சொல்கிறேன், இது பாதிப்பேருக்குத் தெரியாது. தேயிலையில் ஆரம்பித்த சண்டை அமெரிக்க சுதந்திரப் போராகி, 1781இல் யார்க்டவுனில் வெள்ளைக்காரப் படை சரணடைந்தது இல்லையா, அந்தப் படையின் தளபதி காரன்வாலிஸ். அங்கே தோற்ற ஆளைக் கவர்னர் ஜெனரலாக்கி 1786இல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே வந்து திப்புவோடு சண்டை போட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியதில்தான் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) நம் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. கம்பெனி சரக்கைக் கடலில் கொட்டி அவர்கள் ஆரம்பித்த ஆட்டத்தில் பத்தொன்பது வருடம் கழித்து நம்ம ஊர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. பாஸ்டனில் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது மகளிடம் இதைச் சொன்னேன். "அப்ப அவங்க ஜெயிச்சதுக்கு நாம பில் கட்டினோமா?" என்றாள். கணக்கு அவ்வளவு நேர்க்கோடு இல்லை, ஆனாலும் மறுக்கத் தோன்றவில்லை.

ஹார்வர்டு பார்த்தீர்களா? (பத்தாம் வகுப்பு மாணவி, ஓமலூர்)

பார்த்தோம். ஜான் ஹார்வர்டு சிலையின் ஒரு கால் மட்டும் தேய்ந்து தங்கமாக மின்னுகிறது, தொட்டால் அதிர்ஷ்டமாம், வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவி அப்படி. சிலையில் "நிறுவியவர், 1638" என்று இருக்கிறது. அவர் நிறுவியவர் இல்லை, வருடம் 1636, முகமும் அவருடையது இல்லை, மாதிரிக்கு யாரையோ உட்கார வைத்துச் செய்தது. படிப்புக்குப் பேர்போன இடத்தில் இப்படி மூன்று தப்பு. தமிழுக்கு அங்கே ஓர் இருக்கை இருக்கிறது, 60 லட்சம் டாலர் திரட்டி 2018இல் முடிந்த வேலை, உலகமெங்கும் இருக்கிற நம்மாட்கள் கொடுத்த காசு, தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய். மகன் சிலையின் காலைத் தொட்டான், முழு ஆண்டுத் தேர்வு வரட்டும், பார்க்கலாம்.

அங்கே ஒரு சேலம் இருக்கிறதாமே, நம் சேலத்துக்கும் அதற்கும் என்ன உறவு? (ரயில்வே ஊழியர், சூரமங்கலம்)

பெயரில் உறவு இல்லை. அவர்கள் ஊரில் குடியேற்றம் ஆரம்பித்தது 1626இல், சேலம் என்பது குடியேறியவர்கள் 1629இல் வைத்த பெயர், சமாதானம் என்று அர்த்தம் வரும் ஹீப்ருச் சொல்லிலிருந்து. நம் சேலத்துக்கு மலையைக் குறிக்கும் சைலம் என்பாரும் உண்டு, சேரனோடு சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் "சேலம்" என்று பார்த்ததும் வீட்டுக்காரர் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்து ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிற தம்பிக்கு "வந்து சேர்ந்தாச்சு" என்று அனுப்பினார், அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எங்களைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார். இது பொய்யில்லை.

ஆனால் அந்த ஊரில் சிரிக்க அதிகமில்லை. 1692இல் அங்கே சூனியக்காரிகள் என்று சொல்லி நூற்றைம்பது பேருக்கு மேல் பிடித்தார்கள், பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்டார்கள், பதினாலு பெண்கள், ஐந்து ஆண்கள். ஜைல்ஸ் கோரி என்கிற கிழவர் கோர்ட் விசாரணைக்கு உட்பட மறுத்தார், அவர் மேல் பாறாங்கல்லாக ஏற்றி ஏற்றிக் கொன்றார்கள். ஆதாரம் என்ன என்று கேட்டால், "அவள் ஆவி உருவத்தில் வந்து என்னைக் கிள்ளியது" என்று சிறு பெண்கள் சொன்ன சாட்சி. அந்த வருடம் அக்டோபரில் கவர்னர் தலையிட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அக்டோபரில் ஹாலோவீனுக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது என்றாள் தங்கை, முக்குக்கு முக்கு சூனியக்காரி தொப்பி விற்பார்களாம். நாங்கள் போன ஜனவரிக் காலையில் தெருவில் ஆளே இல்லை. பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நினைவிடம், கல் சுவரிலிருந்து இருபது கல் பலகைகள் பெஞ்சு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், எப்படிச் செத்தார், எந்தத் தேதி, அவ்வளவுதான். எல்லாவற்றின் மேலும் நாலு விரல் உயரத்துக்குப் பனி. பெயரைப் படிக்க வேண்டுமென்றால் கையால் துடைக்க வேண்டும். மகள் முதல் பலகையைக் கையுறையால் மெதுவாகத் தள்ளினாள், கீழே எழுத்து வந்தது, பிரிட்ஜெட் பிஷப், தூக்கு, ஜூன் 10, 1692. முதலில் தூக்கில் போட்டது அவரைத்தான். அப்புறம் மகள் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனாள், இருபதையும். கை விறைத்துப் போச்சு, வா என்றால் கேட்கவில்லை. ஒரு பலகை ஓரத்தில் யாரோ வைத்த ரோஜா, பனிக்குள் உறைந்து அப்படியே சிவப்பாக இருந்தது.

நான் அத்தைக்கு விஷயத்தை விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் வரணும், எங்கூர்லயும் வாயாடியா ஒண்டிக்கட்டையா ஒருத்தி இருந்தா அப்பிடித்தான் பேசுவாங்க" என்றார். தண்டனை விதிக்கப்பட்டவர்களில் கடைசியாக ஒரு பெண்ணின் பெயர்மேல் இருந்த பழியை 2022இல்தான் துடைத்தார்கள், அதற்காக மனு எழுதிப் போராடியது அதே மாநிலத்தில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் டீச்சரும். என் மகளும் எட்டாவதுதான், வரும் ரயிலில் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. நூற்றுக்கு நூறு கப்பல்காரர்கள் ஊர், சுமத்ரா மிளகை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கொழித்தவர்கள். நன்னம்பிக்கை முனையைத் தாண்டிப் போய்வந்த மாலுமிகள் 1799இல் சங்கம் வைத்துச் சேர்த்த சாமான்கள்தான் இன்றைய பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு வித்து. சிகாகோவில் பேசுவதற்கு முன்னால், 1893 ஆகஸ்ட் கடைசியில், விவேகானந்தர் இந்தச் சேலத்தில் சில நாள் தங்கிப் பேசியிருக்கிறார். இதை எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை, தெரிந்துகொண்டு போனால் அந்த ஊர் வேறு மாதிரி இருக்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, ஆட்டையாம்பட்டி)

கிடைக்கும். ரெண்டே எச்சரிக்கை. கிளாம் சௌடர் என்று வெள்ளையாக, உருளைக்கிழங்கு போட்டு, பார்க்க நம் வீட்டு சொதி மாதிரி ஒரு சூப் எல்லாக் கடையிலும் ஆவி பறக்கும், அதில் கடல் சிப்பி இருக்கும். பாஸ்டன் பேக்டு பீன்ஸ், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பழைய செய்முறையில் பன்றிக்கறி போடுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். இங்கிருந்து பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் எதுவும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், கொண்டுவந்ததை எழுதிக் காட்டவில்லை என்றால் அபராதமும் உண்டு. தட்டுவடை கொண்டுபோனோம், உங்கள் ஊர் முறுக்கும்தான், எழுதிக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். தங்கை வீட்டில் பீட்ரூட் துருவி, ரெண்டு சட்னி அரைத்து, ராத்திரி ஏழு மணிக்கு, வெளியே மைனஸ் ஆறு, உள்ளே தட்டுவடை செட்டு சாப்பிட்டோம்.

போன இதழில் "பாகு வெள்ளம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். மொலாசஸா? (சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றவர், மோகனூர்)

ஆமாம், அதே மொலாசஸ்தான் ஐயா, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கெட்டிப் பாகு. 1919 ஜனவரி 15, பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதி. ஆல்கஹால் தயாரிக்கக் கொண்டுவந்த மொலாசஸ், ஐம்பது அடி உயர இரும்புத் தொட்டி, உள்ளே 23 லட்சம் கேலன். கட்டும்போதே தகடு மெலிசு, இடுக்கில் எப்போதும் கசியும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டப்பாவில் பிடித்துக்கொண்டு போவார்களாம். குளிர் திடீரென்று விட்ட அந்த மதியத்தில் தொட்டி வெடித்துத் தெருவெல்லாம் பாகு அலையாக வந்தது. 21 பேர் செத்தார்கள், வீடுகள் பெயர்ந்தன. வெளியே வந்த பாகு குளிரில் இறுக ஆரம்பித்ததால் மாட்டியவர்களை இழுத்தெடுக்க முடியவில்லை. ஆலையில் இருந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாகின் பிடி எப்படி இருக்கும் என்று. இப்போது அங்கே ஒரு விளையாட்டு மைதானம், ஓரத்தில் சின்னப் பலகை ஒன்று, தேடினால்தான் கிடைக்கும்.

கட்டாயம் பனி விழுமா? (ஏழாம் வகுப்பு மாணவன், சேலம்)

கட்டாயம் இல்லை தம்பி. டிசம்பரில் சில நேரம் மழைதான் பெய்யும். நாங்கள் ஐந்து நாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாம் நாள் ராத்திரி சத்தமே இல்லாமல் விழுந்திருக்கிறது, காலையில் அத்தைதான் முதலில் எழுந்து பார்த்தார், "ஏம்மா, யாரோ ஜவ்வரிசி மாவு காயப்போட்டிருக்காங்க" என்று எங்களை எழுப்பினார். நம் பக்கம் சேகோ ஆலைக் களத்தில் வெயிலில் கண் கூசுமே, அதே மாதிரிதான் இருந்தது.

சென்னை ஐஸ் ஹவுஸுக்கு ஐஸ் பாஸ்டனிலிருந்தா வந்தது? (திருவல்லிக்கேணியில் மகன் வீட்டில் இருக்கும் சேலத்துக்காரர்)

அங்கிருந்துதான். பாஸ்டன்காரர் ஃப்ரெடரிக் டியூடர் 1806இல் ஏரி ஐஸைக் கப்பலில் ஏற்றிச் சூடான தீவுகளுக்கு விற்கக் கிளம்பியபோது ஊரே சிரித்தது. நஷ்டப்பட்டார், கடனுக்கு ஜெயிலுக்கும் போனார், விடவில்லை. 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றினார், நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு முறை தாண்டி, சுமார் 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அந்தக் கிடங்கு எழுந்தது. பின்னால் இயந்திர ஐஸ் வந்து தொழில் படுத்துவிட்டது. 1897இல் விவேகானந்தர் திரும்பி வந்தபோது தங்கியதும் அதே கட்டடத்தில்தான், இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது.

டியூடர் ஐஸ் வெட்டிய ஏரிகளில் ஒன்று ஃப்ரெஷ் பாண்ட், கேம்பிரிட்ஜில், இப்போது குடிநீர் ஏரி, சுற்றி நடைபாதை. பார்க்க ஒன்றுமில்லை என்று தங்கை சொல்லியும் பிடிவாதமாகப் போனேன். ஓரம் மட்டும் உறைந்திருந்தது, ஒரு ஓக் இலை ஐஸுக்குள் மாட்டி, சுற்றிலும் காற்றுக்குமிழ் மணி மணியாக. நானும் அத்தையும் வேலி ஓரத்தில் நின்று பார்த்தோம். "சும்மா கெடக்கற ஏரியை வெட்டி மெட்ராஸ்ல வித்திருக்கான், பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றார்.

பனியில் கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை வருமாமே? (ஆட்டோ ஓட்டுநர், பழைய பஸ் ஸ்டாண்ட்)

வரும் அண்ணா. பனி கொட்டியதும் அவரவர் கார் முன்னால் முட்டியளவு பனியை ரெண்டு மணி நேரம் மண்வாரியால் அள்ளி இடம் பண்ணுவார்கள். காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் இன்னொருத்தன் நுழைந்துவிடுவான் இல்லையா, அதற்காக அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியோ குப்பைத் தொட்டியோ வைத்துவிட்டுப் போவார்கள். பஸ் ஜன்னலில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற அதே சட்டம்தான், ஒரே வித்தியாசம், அங்கே நகராட்சியே 48 மணி நேரம் வரை கண்டுகொள்ளாது. நாற்காலியை நகர்த்தி நிறுத்தினவன் டயரில் காற்று இருக்காது என்று தங்கை சொன்னாள்.

நாங்கள் திரும்பி வந்த பிறகு அங்கே பெரிய பனி. தங்கை ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். அவள் வீட்டு வாசலில் பனி அள்ளிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கீழே ஒரு செங்கல், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று முதுகில் கட்டியிருந்தது அத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்த மெரூன் ஸ்வெட்டர். "யாரும் தொடலக்கா" என்று கீழே எழுதியிருந்தாள்.